போதும் என்ற சொல்லும் எதிர்ப்பட்டறை ஆறுச்சாமியும்

ஆறுச்சாமி காலமான செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் சோமனூரில் தறி வைத்திருக்கும் ஒரு வாடிக்கையாளர். காரை என் பட்டறைக்குள் நிறுத்திவிட்டு, இறங்காமலே சொன்னார்: "எதுத்தாப்பல ஆறுச்சாமி காத்தால போய்ட்டாருங்களாமா. நெஞ்சு வலியாமுங்க." நான் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு கேட்டார்: "இனி நம்ம பிரேக்கெல்லாம் ஆருங்க பாப்பாங்க?" அவர் காரின் நான்கு சக்கரங்களும் அப்போது என் பட்டறைத் தரையில்தான் நின்றுகொண்டிருந்தன.

ஆறுச்சாமியோடு பழகியவர்களுக்காக இதை எழுதுகிறேன். துக்கத்தோடுதான் எழுதுகிறேன், அதில் சந்தேகம் வேண்டாம். நடுவில் பொறாமையும் தென்பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். அது பதினைந்து வருடப் பழக்கம். ஒரே நாளில் விட முடியவில்லை.

சிங்காநல்லூரில் திருச்சி சாலையின் வடபக்கம் அவர் பட்டறை, தென்பக்கம் என்னுடையது. நான் பாலிடெக்னிக்கில் படித்தவன். பிரேக்கைப் பற்றி மட்டுமே இரண்டு ஆங்கிலப் புத்தகங்கள் வைத்திருந்தேன். இரண்டையும் படித்தும் இருந்தேன். டிரம்மில் உரசிச் சக்கரத்தை நிறுத்தும் லைனிங்கின் கனத்தை வெர்னியர் அளவுகோல் வைத்து அளப்பேன். ஆறுச்சாமி சக்கரத்தைக் கழற்றி, லைனிங்கை ஒரு பார்வை பார்த்து, சக்கரத்தோடு சுற்றும் அந்த டிரம்மின் உள்விளிம்பில் கட்டைவிரலை ஒரு சுற்று ஓட்டுவார். அவ்வளவுதான். அவர் பார்த்தனுப்பிய வண்டிகள் வேறு வேலையாக என்னிடம் வரும்போது ரகசியமாக அளந்து பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டைவிரல் ஒரு தடவைகூட எனக்கு உதவவில்லை. எப்போதும் சரியாகவே இருந்தது.

தேய்ந்த லைனிங்கை எப்போது மாற்றுவது என்பது எங்கள் தொழிலின் தர்மசங்கடம். சீக்கிரம் மாற்றச் சொன்னால் பிழைப்புக்காகச் சொல்கிறான் என்பார்கள். தள்ளிப்போட்டால், லைனிங்கைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகள் வெளியே வந்து டிரம்மைக் கீறும். கீறிய டிரம்மை லேத்தில் கடைசல் பிடித்து வழவழப்பாக்கலாம். திரும்பத் திரும்பக் கடைந்தால் மெலிந்து, மலைப்பாதையில் சூடேறும்போது விரிசல் விடும். இதையெல்லாம் விளக்கி நான்கு பத்தியில் ஓர் அறிவிப்பு எழுதி என் சுவரில் ஒட்டியிருந்தேன். யாரும் படித்ததில்லை. ஆறுச்சாமி ஒரே வரியில் சொல்வார்: "ரிவெட்டு எட்டிப் பாக்கறக்கு முந்தி நாம பாத்துப்போடோணுமுங்க." அதை என் வாடிக்கையாளர்களே எனக்குச் சொல்லிக் காட்டுவார்கள்.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த சமயம். ஒரு முகூர்த்த நாளில் ஆறுச்சாமி கல்யாணத்துக்குப் போயிருந்ததால் அவர் பட்டறை பூட்டியிருந்தது. அன்று, கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் பழனியப்பக் கவுண்டர், ஆறுச்சாமியின் பரம வாடிக்கையாளர், முதல்முறையாக என்னிடம் காரைக் கொண்டுவந்தார்.

"நாளைக்கு மகளையும் பேரன் பேத்திகளையும் கூட்டிக்கிட்டு ஊட்டிக்குப் போறமுங்க. பிரேக்கை ஒருக்கா பாருங்க. லைனிங் எப்படீங்க இருக்குது?"

முன்சக்கரத்தைக் கழற்றினேன். ரிவெட்டுகள் தலைகாட்டிவிட்டன. நிபுணன் சுருக்கமாகப் பேச வேண்டும் என்று என் இரண்டு புத்தகங்களில் ஒன்றில் இருந்தது. "போதுமுங்க" என்றேன். இது உழைத்த உழைப்பு போதும், கழற்றிவிடலாம் என்பது என் கருத்து.

"ரொம்பச் சந்தோசமுங்க!" என்றார் கவுண்டர்.

புது லைனிங் எடுக்க உள்ளே போனேன். சரியான அளவைத் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் அவருடைய டிரைவர் சக்கரத்தை மாட்டிவிட, கார் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது. கத்திக் கூப்பிட்டேன். லாரிச் சத்தத்தில் கேட்கவில்லை. மறுநாள் அந்தக் காரில் குழந்தைகள் குன்னூர் மலைப்பாதையில் ஏறி இறங்கப் போகிறார்கள். கார் சாலையைக் கடந்து, எதிரே நின்றது. ஆறுச்சாமி கல்யாண வேட்டியோடு அப்போதுதான் பட்டறையைத் திறந்துகொண்டிருந்தார். எனக்கு நிம்மதி வந்தது உண்மை. ஆனால் முதலில் வந்தது அதுவல்ல. அங்கே போய் நிற்கிறதே என்ற எரிச்சல்தான் முதலில் வந்தது.

நான் பின்னாலேயே ஓடிப் போய்ச் சேர்ந்தபோது பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"நீங்க இல்லீன்னு எதுத்தாப்பல காட்டிப்போட்டனுங்க. போதும்னுட்டாரு."

"போதும்னாருங்களா, இன்னும் ஓடும்னாருங்களா?"

"போதுமுங்கன்னாரு."

ஆறுச்சாமி என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். "அவரு கையில என்னன்னு பாருங்க. ஊட்டுக்கு முறுக்கா வாங்கிட்டுப் போறாரு? புது லைனிங்குங்க. ஓடுனது போதும், மாத்தோணும்னு சொல்லியிருக்காரு. நீங்கதான் அவசரத்துல கெளம்பிப்போட்டீங்க. திருப்புங்க வண்டிய. அவருகிட்டயே மாத்திக்குங்க."

"தப்பா வாங்கிக்கிட்டனுங்க, மன்னிச்சுக்கோணும்" என்றார் கவுண்டர் என்னிடம். நான் பெருந்தன்மையோடு மன்னித்தேன்.

லைனிங்கை மாற்றும்போது இடது டிரம்மில் கீறல் தெரிந்தது. இரண்டு முறை கடைந்த டிரம். அளந்து பார்த்து, இதையும் மாற்ற வேண்டும் என்று இந்த முறை முழு வாக்கியமாகச் சொன்னேன். "ஒரு நிமிசமுங்க, எதுத்தாப்பல ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு வாரனுங்க" என்று கவுண்டர் கிளம்பிவிட்டார். திரும்பி வந்து சொன்னார்: "'அவரு அளந்தாருங்களா'ன்னாரு. 'அளந்தாரு'ன்னேன். 'அப்பறம் என்னையென்னத்துக்குக் கேக்கறீங்க'ன்னுபோட்டாருங்க." கவுண்டர் குடும்பம் சுகமாக ஊட்டி போய்த் திரும்பியது. ஒரு கூடை கேரட் கொண்டுவந்தார்கள், ஆறுச்சாமிக்கு.

அடுத்த வாரம் டீக்கடையில் ஆறுச்சாமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏனுங்க, லைனிங் மாத்தோணும்னு சொன்னா ஆராச்சும் 'ரொம்பச் சந்தோசமுங்க'ம்பாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். கவுண்டர் நடந்ததை ஒன்று விடாமல் சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சந்தோசம் என் காதில் விழத்தான் செய்தது. ஆறுச்சாமியின் ஆள் என்னைத் தேடி வந்த பெருமையில், அதை என் திறமைக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டுவிட்டேன். ஆறுச்சாமி டீயைக் குடித்து முடித்து எழுந்து போனார். பேச்சு ஊரில் பரவும் என்று ஒரு வருடம் காத்திருந்தேன். தக்க பதிலும் தயாரித்து வைத்திருந்தேன். அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பதில் வீணாகிவிட்டது.

இழவு வீட்டுக்குக் கவுண்டர் வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அன்னைக்கு நீங்க சரியாத்தான் சொன்னீங்க. நாந்தான் தப்பாக் கேட்டு, கொழந்தைகளக் கொல்லப் பாத்தேன். அவரு திருப்பி உட்டாரு. இன்னும் எனக்குப் படபடன்னு இருக்குதுங்க." நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆறுச்சாமி பக்கத்திலேயே கிடத்தப்பட்டிருந்தார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, அவர் கடைசிவரை வாய் திறக்காமல் காத்துவந்த என் தவறு ஒன்றுதான். ஆகவே கவுண்டருக்கு இதைச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் தப்பாகக் கேட்கவில்லை. நான் தப்பாகச் சொன்னேன். நீங்கள் சந்தோசப்பட்டதைக் கேட்டும் சும்மா இருந்தேன். இதைப் படித்து முடித்ததும் அவர் என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசமாட்டார். "இத்தனை வருசம் இதை மனசுல வெச்சிருந்தாரே, ஆறுச்சாமி எப்பேர்ப்பட்ட மனுசன்!" என்றுதான் சொல்வார். தெரிந்தேதான் எழுதுகிறேன்.