ஜூலியின் இடுப்பில் ஒரு கரும்புள்ளி

எங்கள் நாய் ஜூலிக்கு ஏழு வயது. பென்னாகரத்தில் எங்கள் வீட்டுக்கும், பக்கத்துக் காட்டு முருகேசனின் ஆட்டுப்பட்டிக்கும் அவள்தான் காவல். மார்ச்சில் அவளுடைய இடது முன்னங்கால் வீங்கியது. சதை எடுத்துச் சோதித்ததில் எலும்புப் புற்று என்று வந்தது. காலை எடுத்துவிட்டால் இன்னும் கொஞ்ச காலம் நன்றாக இருப்பாள். வேறு எலும்புக்குப் பரவியிருந்தால் காலை எடுத்தும் பயனில்லை. எது என்று தெரிந்துகொள்ளத்தான் ஏப்ரலில் பெங்களூர் போனோம். நாய்க்குக் கதிரியக்க ஸ்கேன் எடுத்த அனுபவத்தைத் தமிழில் தேடி எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

காலை நாலரைக்கு முருகேசனின் ஆம்னி வேனில் கிளம்பினோம். தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக ஏறக்குறைய நூற்று அறுபத்தைந்து கிலோமீட்டர். அத்திப்பள்ளி நெரிசலையும் சேர்த்து நாலு மணி நேரம். வாடகை ஐயாயிரத்து ஐந்நூறு, டோல் தனி. வழக்கமாக ஓயாமல் பேசுகிற முருகேசன் அன்று அதிகம் வாய் திறக்கவில்லை. திறந்தபோதெல்லாம் ஒரே பேச்சுதான்.

"எதுக்குங்க்கா இந்த அலைச்சல்? காலை எடுக்கறதுன்னா எடுத்துட்டுப் போலாமே. ஸ்கேன் என்னாத்துக்கு?"

"ஏன், உனக்கென்ன கஷ்டம்?"

"எனக்கென்னங்க்கா... ஊசி போட்டா ராத்திரில மின்னுமாமே. கரண்டு போனா பட்டியில கட்டிக்கலாம்."

சிரித்தான், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. எதையோ மறைக்கிறான் என்று தோன்றியது.

எனக்கு அந்த ஊசியின் மீதும் நம்பிக்கையில்லை. டெக்னீசியம் என்ற கதிரியக்க உலோகம் அது. எலும்பை நாடும் ஒரு மருந்தோடு பிணைத்து நரம்பில் ஏற்றுகிறார்கள். எலும்பு எங்கே சிதைந்து புதிதாக வளர்கிறதோ அங்கே அதிகமாகப் போய்ச் சேரும், அந்த இடம் படத்தில் கறுப்பாக விழும் என்றார் பெங்களூர் கால்நடை ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா. தமிழ் பேசுகிறவர். ஈரலில் தங்காதா, சிறுநீரகத்தைக் கெடுக்காதா என்று துருவினேன்.

"எந்த உறுப்புல எவ்வளவு சேருது, எப்ப வெளிய போகுதுன்னு முதல்ல எலிகள்ல பார்த்துட்டுத்தான் இதெல்லாம் வருது மேடம். மிச்சம் சிறுநீர்ல போயிடும். நாளைக்குக் காலையில வீரியமும் அடங்கிடும்."

அந்த எலிகள் என்ன ஆயின என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

ஊசி போட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படம் எடுத்தார்கள். கதிர்வீச்சு குறையும்வரை ஜூலியைத் தனி அறையில்தான் வைப்பார்கள். உடன் இருக்க விடுவதில்லை.

திரையில் முன்னங்கால் கறுத்திருந்தது. வயிற்றில் மூன்று கருமைகள்: இரண்டு சிறுநீரகம், ஒன்று மூத்திரப்பை. அவை நோயில்லை என்றார். பிறகு வலது இடுப்பெலும்பில் இருந்த இன்னொரு புள்ளியில் விரலை வைத்தார்.

"இதுதான் எனக்குக் கவலையா இருக்கு. அடிபட்டுச்சா, விழுந்துச்சா?"

இல்லை என்று உறுதியாகச் சொன்னேன். அப்படியானால் பரவியிருக்கலாம் என்றார்.

வெளியே டீக்கடையில் முருகேசனிடம் சொன்னேன். "இடுப்புக்கும் போயிடுச்சாம்."

"எந்தப் பக்கங்க்கா?"

"வலது."

டீ கிளாஸைக் கீழே வைத்தான். "அது நோவு இல்லீங்க்கா. நான் வெச்ச சூடு."

பிப்ரவரியில் மகள் விஷயமாக நான் ஒரு வாரம் சேலத்தில் இருந்தேன். அப்போதே ஜூலி லேசாக நொண்டியிருக்கிறாள். முன்னங்கால் நொண்டினால் எதிர்ப்பக்க இடுப்பில் சுடுவது அவர்கள் வீட்டு வழக்கம். ஆட்டுக்குச் செய்வதை இவளுக்கும் செய்துவிட்டான். கம்பி கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட்டதாம். நான் திரும்பியபோது புண்ணை முடி மறைத்திருந்தது.

"ஏன்டா சொல்லல?"

"போன வருசம் கெடாவுக்குச் சுட்டப்ப போலீஸ்ல சொல்லிருவேன்னு கத்துனீங்களே. அப்புறம் எப்படிங்க்கா சொல்றது? படத்துல தெரிஞ்சுருமோன்னுதான் வர்ற வழியெல்லாம் பயந்துட்டு வந்தேன்."

நம்ப ஆசையாக இருந்தது. என்னைத் தேற்றப் பொய் சொல்கிறானோ என்றும் இருந்தது. ஆயிரத்து இருநூறு ரூபாய் லாட்ஜ் அறையில் விடியும்வரை இதையே புரட்டிக்கொண்டிருந்தேன்.

காலையில் விஷயத்தைச் சொன்னதும் டாக்டரம்மா இடுப்பு முடியைச் சிரைத்தார். அடர்ந்த முடிக்குள் விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு, புள்ளி விழுந்த அதே இடத்தில். "சூடு எலும்பைத் தொட்டிருந்தா அங்க புது எலும்பு வளரும். அங்கேயும் மருந்து சேரும்" என்றார். ஆனாலும் தழும்பை மட்டும் நம்ப முடியாது என்று அங்கிருந்தும் ஊசியால் துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். நாலு நாளில் முடிவு வந்தது. புற்று இல்லை. மறுவாரம் காலை எடுத்தார்கள்.

போகிறவர்களுக்கு: சாப்பாடு நிறுத்த வேண்டுமா என்று முன்பே கேளுங்கள், மயக்க மருந்து தருவார்கள். இரவு தங்கத் தயாராகப் போங்கள். பழைய அடி, கடி, சூடு எதையும் விடாமல் சொல்லுங்கள். நீங்கள் இல்லாதபோது பார்த்துக்கொண்டவர்களிடமும் கேளுங்கள், அவர்கள் பயப்படாமல் சொல்லக்கூடிய குரலில். நான் உலோகத்தையும் இயந்திரத்தையும் முருகேசனையும் சந்தேகப்பட்டேன். என் கத்தல்தான் அவன் வாயை அடைத்தது என்று மட்டும் தோன்றவில்லை.

ஜூலி இப்போது மூன்று காலில் சாயங்காலம் பட்டிக்குப் போய்விடுகிறாள். முருகேசன் அவள் தலையைத் தடவினால் கண்ணை மூடிக்கொள்கிறாள். கை வலது இடுப்புப் பக்கம் வந்தால் மட்டும் திரும்பி, அந்தக் கையில் என்ன வைத்திருக்கிறான் என்று பார்க்கிறாள்.