கல்படுக்கைக்கு மேலிருந்த பெயர்

முத்துத்தாய் செங்கல் துண்டால் பாறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விரல் முட்டிகளில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. சர்க்கரைக்காரி; புண் வந்தால் ஆறாது. துணியைக் கிழித்துக் கட்டிவிட்டேன். கட்டோடு மறுபடியும் தேய்த்தாள்.

கீழக்குயில்குடி மலையில் ஆயிரம் வருஷத்துக்கு முன் சமணத் துறவிகள் வாழ்ந்த பள்ளி அது. அவர்கள் படுத்த கல்படுக்கைகள் இன்னும் இருக்கின்றன. பார்க்க வருகிறவர்கள் கீறிவிட்டுப் போன பெயர்களும் இருக்கின்றன. ஒரு படுக்கைக்கு மேலே 'சிவக்குமார் சத்யப்ரியா' என்று இருந்தது. சத்யப்ரியா முத்துத்தாயின் மூத்த மகள்.

ஆடு மேய்க்கப் போன காளை அதைப் பார்த்துவிட்டு ஊரில் சொன்னான். பையன் வேறு சாதி. அப்பன் வெள்ளைத்துரை மகளை அடித்து அறையில் பூட்டினான். சாவி முத்துத்தாயிடம் இருந்தது. உள்ளே பூச்சிமருந்து இருந்ததை அவள் நினைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. அதைக் குடித்த சத்யப்ரியாவின் பக்கத்தில் கடைசிவரை இருந்தேன். அந்தச் சாவை விவரிக்கத் தேவையில்லை.

காரியம் முடிந்த மறுநாளே முத்துத்தாய் களையெடுக்கப் போனாள். கல்நெஞ்சுக்காரி என்றார்கள். வெள்ளைத்துரை, மகளின் போட்டோக்களை எல்லாம் எரித்துவிட்டுக் குடிக்க உட்கார்ந்துவிட்டான். வீட்டில் உலை வைக்க வேறு ஆளில்லை.

சில வருஷம் கழித்துச் சின்னவளுக்குப் பேரையூரில் மாப்பிள்ளை அமைந்தது. மூத்தவள் மஞ்சள்காமாலையில் போனதாகச் சொல்லியிருந்தார்கள். பூ வைத்து நிச்சயம் செய்ய வருகிறவர்கள் மலையையும் பார்க்க வேண்டும் என்றார்கள். அதனால்தான் முந்தின நாளே ஏறி வந்து இந்தத் தேய்ப்பு.

தேய்க்கத் தேய்க்கப் பாறை வெளுத்தது. சுற்றிலும் கறுத்த பாறையில் அந்த இடம் மட்டும் சுண்ணாம்பு அடித்ததுபோல் பளிச்சென்று ஆகிவிட்டது. எழுத்து அப்படியே நின்றது.

"போதும் முத்து. சும்மா போறவனும் இப்ப நின்னு வாசிப்பான்" என்றேன்.

"எம்புட்டு ஆழமா கீறியிருக்கா பாருங்கக்கா. வீட்டுல ஒரு தேங்கா உடைக்க மாட்டா."

அடிவாரத்துக் கோயிலுக்கு இறங்கிப்போய், விளக்கு எண்ணெயும் கரியும் சிரட்டையில் கொண்டுவந்தாள். மண்ணோடு குழைத்து, வெளுத்த இடம் முழுக்கப் பூசி, எழுத்துகளை விரலால் அடைக்க ஆரம்பித்தாள். வாசிக்கத் தெரியாதவள், மகள் பெயர் எது என்று கேட்டாள். காட்டினேன். அங்கே மட்டும் விரல் மெதுவாகப் போனது. பொழுது சாய்கிறது என்று நான் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் காலை மாப்பிள்ளை வீட்டாரோடு சின்னவளும் நாங்களும் ஏறினோம். மாப்பிள்ளையின் அம்மா செல்லக்கிளி, எண்ணெய் மினுங்கும் அந்தக் கறுப்பைக் கண்டு நின்றாள்.

"இது என்ன சாமி, மதினி?"

"கன்னிச்சாமி" என்றாள் முத்துத்தாய்.

கல்யாணமாகாமல் செத்த பெண்ணைச் சாமியாகக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். செல்லக்கிளி செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். பூ வைப்பதற்குக் கொண்டுவந்த குங்குமத்தில் ஒரு கிள்ளு எடுத்துப் பாறையில் வைத்தாள். சின்னவளையும் கும்பிடச் சொன்னாள். அவள் தலையைக் குனிந்தபடி கும்பிட்டாள்.

முத்துத்தாய் கும்பிடவில்லை. சோறு வடிக்க வேண்டும் என்று சொல்லி, எல்லோருக்கும் முன்னால் கீழே இறங்கினாள்.