கீழ்வேளூர்க் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டு ஆளாக

ஐப்பசி முதல் வாரத்தில் பள்ளிக்கு நான்கு நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் வந்தது. சேலத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவதைவிட டெல்டாவுக்குப் போய் மழை பார்க்கலாம் என்று கிளம்பிவிட்டேன். அது மட்டும்தான் காரணம் என்றால் பொய். இந்த வலைப்பூவை வாசிக்கிறவர்கள் பல மாதமாக ஒரே கேள்வியைக் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் நடக்கும் மிஷின் கல்யாணத்துக்கு வெளியூர்க்காரர்கள் போகலாமா, போனால் சாப்பாடு போடுவார்களா? போய்ப் பார்த்தால்தானே சொல்ல முடியும்.

மனிதருக்கும் மிஷினுக்கும் கல்யாணம் எங்கள் ஊரிலும் நடக்கிறது. எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் அப்படித்தான். ஆனால் சேலத்தில் எல்லாம் சுருக்கம். பதிவு அலுவலகத்தில் ஒரு கையெழுத்து, ஓட்டலில் ஒரு மதியச் சாப்பாடு, அவ்வளவுதான். டெல்டாக்காரர்கள் அப்படி விட்டுவிடுவார்களா என்ன? பந்தக்கால் நடவேண்டும், சீர்த்தட்டு வேண்டும், மூன்று வேளையும் பந்தி வேண்டும். இதில் ஒரு சிக்கல். மாப்பிள்ளை மிஷினாக இருந்தால் அவர் பக்கத்து நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். தாய் தகப்பன் கிடையாது, சித்தப்பா பெரியப்பா கிடையாது. காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டா தாலி கட்டுவது என்று இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் கொண்டுவந்துவிட்டார்கள். வழிப்போக்கர் யாராக இருந்தாலும் மாப்பிள்ளை வீட்டாராக வந்து உட்காரலாம். சந்தனம், பூ, முதல் பந்தி என்று எல்லா மரியாதையும் உண்டு. மொய் வாங்கமாட்டார்கள்.

புதிதாக வாசிப்பவர்களுக்கு என்னைப் பற்றி ஒரு வரி. பெயர் பத்மா, ஐம்பத்திரண்டு வயது, பூகோளம் டீச்சர், தனியாள். கூடப் பிறந்தவர் யாரும் இல்லை. கல்யாண வீடு என்றாலே காத தூரம் ஓடுகிறவள். "உங்களுக்கு எப்போ?" என்று கேட்பவர்கள் ஓய்ந்து பல வருடம் ஆகிவிட்டது, ஆனால் ஓடுகிற பழக்கம் மட்டும் போகவில்லை. இந்தக் கல்யாணத்துக்கு நான் போனது முழுக்க முழுக்க இட்லிக்காக.

சேலத்திலிருந்து திருச்சி வழியாகத் தஞ்சாவூருக்குப் பேருந்தில் ஐந்து மணி நேரம். பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்தேன், ஒரு நாளுக்குத் தொள்ளாயிரம். பெரிய கோயிலைப் பற்றி ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள், நான் எழுதி ஒன்றும் கூடப்போவதில்லை. அன்று சாயங்காலம் இரண்டு கடையில் அசோகா அல்வா தின்றேன், இரண்டாவது கடை தேவலை. லாட்ஜ் வரவேற்பறைச் சுவரில் மூன்று கல்யாணப் பத்திரிகைகள் ஒட்டியிருந்தன. அவற்றில் ஒன்றின் அடியில், "மாப்பிள்ளை வீட்டாராக வர விரும்புவோர் காலை எட்டு மணிக்குள் வந்து காப்பி சாப்பிடவும்" என்று போட்டிருந்தது. இப்படி அழைப்பவர்கள் வீட்டுச் சமையல் மோசமாக இருக்காது என்று மனசு சொல்லிற்று.

மறுநாள் விடிவதற்கு முன் பாசஞ்சர் வண்டி. கீழ்வேளூர் வரைக்கும் எழுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, இரண்டு மணி நேரம் ஆகிறது. நீடாமங்கலம் தாண்டும்போது வெளிச்சம் வந்தது. இரண்டு பக்கமும் குறுவை வயல், பாதி அறுத்தும் பாதி அறுக்காமலும். கிழக்கே மேகம் கருகருவென்று திரண்டு நின்றது. என் எதிரில் இருந்த விவசாயி ஒருவர் மேகத்தைப் பார்ப்பதும் கைப்பேசியைப் பார்ப்பதுமாக வந்தார். ஜன்னலோர இருக்கை கிடைத்த சந்தோஷத்தில் எனக்கு அவர் கவலை உறைக்கவில்லை.

கீழ்வேளூர் ஸ்டேஷனிலிருந்து மண்டபம் ஆறு கிலோமீட்டர். ஆட்டோ ஓட்டியவர் காதர் பாய். பட்டுப்புடவையைப் பார்த்ததுமே, "மாப்பிள்ளை வீடாம்மா?" என்றார்.

"அப்படித்தான் வச்சுக்கங்களேன்."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. போன மாசம் நானே ஒரு மாப்பிள்ளைக்குச் சித்தப்பா. சவாரி இல்லாத நேரம், போய் உக்காந்தேன். கேசரி நல்லா இருந்துச்சு."

மண்டப வாசலில் பெண்ணின் அம்மா சரோஜா நின்றிருந்தார். ஒல்லியான உருவம், கணீரென்ற குரல். "வாங்க வாங்க, மொதல்ல காப்பி சாப்பிடுங்க. அப்பறம் பேசிக்கலாம்" என்று டம்ளரைக் கையில் திணித்தார். மாப்பிள்ளை வீட்டு வரிசையில் எனக்கு முன்பே பெங்களூர்த் தம்பதி ஒன்றும், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரும், கேமராவோடு மூன்று கல்லூரிப் பையன்களும் உட்கார்ந்திருந்தார்கள். நெற்றியில் சந்தனத்தோடு நானும் போய் உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளையின் பெயர் வேலன். அந்த ஊர் வாய்க்காலுக்கு அவர்தான் லஸ்கர். ஷட்டரை ஏற்றி இறக்கி, எந்த வயலுக்கு என்றைக்குத் தண்ணீர் என்று முறை வைத்து விடுகிற வேலை. நம் உயரம்தான் இருப்பார். சிமென்ட் நிறத்து உடம்பு, வாய் இருக்கவேண்டிய இடத்தில் சின்னச் சல்லடை, முழங்கால் வரை எத்தனை தேய்த்தும் போகாத சேற்றுக் கறை. பட்டு வேட்டி நழுவாமலிருக்க யாரோ கயிறு கட்டிவிட்டிருந்தார்கள். எங்களை வரவேற்க வந்த மாப்பிள்ளையிடமே, மணப்பெண் கோமதியை எப்படிப் பழக்கம் என்று கேட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது.

"அவங்களுக்கு ஆறு ஏக்கர் கடைமடையில இருக்குங்க. தண்ணி பத்தலன்னு தெனம் வந்து என்கூடச் சண்டை போடுவாங்க. ஒரு தடவை ஒரு வாரம் வரவே இல்ல. அந்த வாரம் நான் தண்ணி அளவை ரெண்டு தடவை தப்பா எழுதினேன்" என்றார்.

பெங்களூர் அம்மா "சோ ஸ்வீட்" என்றார். எனக்கும் பிடித்திருந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். ஒன்பதரைக்கு வேலனுக்கு ஓர் அழைப்பு வந்தது. அவரோடு ஒரே தொழிற்சாலையில், ஒரே நாளில் உருவான அறுவடை மிஷின் ஒன்று இருக்கிறது, பெயர் செல்வி. அதுதான் தங்கை முறையில் வந்து நாத்தனார் முடிச்சுப் போடுவதாக ஏற்பாடு. செல்வியின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. "அண்ணே, இன்னும் நாலு மா வயல் பாக்கி நிக்குது. தூத்தல் போட ஆரம்பிச்சிருச்சு. விட்டுட்டு வந்தா நெல்லு நனைஞ்சு முளைச்சிரும். வயக்காரங்க மூஞ்சியைப் பாக்க முடியலண்ணே."

"வராத. அறுத்து முடி" என்றார் வேலன். லஸ்கர் வேறு என்ன சொல்வார்?

ஆனால் சரோஜா அம்மா மேளக்காரர்களைக் கையமர்த்திவிட்டார். நாத்தனார் முடிச்சு விழாமல் தாலி ஏறாது என்றார். கோமதியின் சித்தி மகள் போடட்டுமே என்று யாரோ சொன்னார்கள். "அவ பொண்ணு வீட்டு ஆளு. அவ எப்படி நாத்தனார் ஆவா?" சாஸ்திரத்துக்குத்தானே என்றார் ஐயர். அதுதான் வினையாகிவிட்டது.

"சாஸ்திரத்துக்கு இல்லீங்க சாமி. எங்க வீட்டுக்காரரு ஒரு காலத்துல குடிச்சிட்டு வந்து படுத்தினாரு. நான் யார்கிட்ட சொன்னேன் தெரியுமா? என் நாத்தனார்கிட்டதான். பாபநாசத்துலேருந்து மொத பஸ்ஸப் புடிச்சு வந்து, தம்பியை வாசல்ல நிக்க வச்சுக் கேட்டாங்க. அதோட சரி. நாளைக்கு என் பொண்ணு கண்ணைக் கசக்குனா யாருக்குப் போன் போடுவா? கம்பெனிக்கா? ஒண்ணை அழுத்தவும் ரெண்டை அழுத்தவும்னு நிக்கணுமா அவ?"

 கோமதி மணையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். முப்பத்து நான்கு வயது, வெயிலில் கறுத்த கை, அதில் மருதாணி. இந்த முகூர்த்தம் தப்பினால் அடைமழை, மார்கழி எல்லாம் கழிந்து தை மாதம்தான் என்று பின்வரிசையிலிருந்த பெண் வீட்டு அம்மாள் ஒருவர் என் காதில் சொன்னார். சரோஜா இதற்குச் சம்மதிக்கவே ஒரு வருடம் ஆயிற்றாம். தைக்குள் மனசு மாறிவிட்டால் கோமதி அம்மாவை மீறமாட்டாள். அந்தப் பெண்ணின் கல்யாணம் எங்கள் கண் முன்னால் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

சரோஜா அம்மா நேராக எங்கள் வரிசைக்கு வந்தார். அதில் பெண்கள் இரண்டே பேர்தான். பெங்களூர் அம்மாவிடம், "நாளைக்கு என் பொண்ணு கூப்பிட்டா போனை எடுப்பீங்களாம்மா?" என்று கேட்டார். அவர் யோக்கியமானவர். அடுத்த வாரம் ஜெர்மனி போகிறோம், சத்தியம் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார். அடுத்து நான்.

மணையிலிருந்து கோமதி, "அம்மா, அவங்க டிபன் சாப்பிட வந்தவங்க. விடும்மா" என்றாள். 

டிபன் சாப்பிட வந்தவள்தான், மறுக்கவில்லை. ஆனால் அவள் சொன்ன விதத்தில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என்னை நம்பி எதையும் யாரும் இதுவரை கேட்டதில்லை. அக்கா என்று கூப்பிடக்கூட ஓர் ஆள் இல்லாமல்தானே ஐம்பத்திரண்டு வருடம் ஓட்டியிருக்கிறேன். "எடுப்பேன். எந்த நேரம் கூப்பிட்டாலும் எடுப்பேன்" என்றேன். 

"வந்து கேப்பீங்களா?"

"வந்து கேப்பேன். நான் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவ. கேள்வி கேக்க எனக்குச் சொல்லித் தர வேணாங்க."

மேடையில் வேலன் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். "அக்கா, ஒண்ணு மட்டும் முன்கூட்டியே சொல்லிடறேன். நீங்களே சொன்னாலும் ஷட்டரை முறைக்கு முன்னாடி தொறக்க மாட்டேன்." மண்டபமே சிரித்தது, சரோஜா அம்மாவும் சிரித்துவிட்டார். பத்து இருபதுக்குக் கெட்டிமேளம். முதல் முடிச்சை வேலன் போட்டான். பின்னால் நின்று மற்ற இரண்டையும் நான் போட்டேன். இரண்டாவது முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டேன், கை அவ்வளவு வியர்த்திருந்தது.

பந்தியைப் பற்றிச் சொல்லாவிட்டால் விடமாட்டீர்கள். இட்லி, பொங்கல், கொத்சு, வாழைப்பூ வடை, அசோகா. கொத்சு மட்டும் கொஞ்சம் உப்பு. மாப்பிள்ளைக்கும் இலை போடுகிறார்கள். அவன் சாப்பிடமாட்டான் என்பதால் அந்த இலையில் விழுவது நாத்தனாருக்குச் சேரும். எனக்கு நான்கு வடை. மூன்று மணிக்குக் கொட்டுகிற மழையில் செல்வி வந்து சேர்ந்தாள். வாசலுக்குள் நுழைய முடியாததால் வெளியே நின்று ஹாரன் அடித்தாள். கோமதி குடை பிடித்துக்கொண்டு போய் அவள் முகப்பில் குங்குமம் வைத்தாள். நெல் நனையவில்லையாம். செல்வி, நான் இருவரில் யார் மூத்த நாத்தனார் என்று ஒரு சின்னத் தகராறு நடந்தது. வயதுக் கணக்கில் நான் ஜெயித்தேன்.

இதோடு கட்டுரையை முடித்திருக்கலாம். இரண்டு மாதம் எழுதாமல் போட்டதும் நல்லதாயிற்று. மார்கழி நடுவில் கோமதி கூப்பிட்டாள்.

"அண்ணி, ஒரு புகார். கதிர் வெளிய வர்ற நேரம், மழை சுத்தமா நின்னுடுச்சு. எங்க வயலுக்கு முறை திங்கக்கிழமை. இவரு வெள்ளிக்கிழமைதாங்கறாரு. உனக்குச் சலுகை காட்ட முடியாதுங்கறாரு. நான் சலுகையா கேட்டேன்?"

அரையாண்டு விடுமுறை. அன்றே பேருந்து ஏறினேன். ஞாயிற்றுக்கிழமை காலை வாய்க்கால் கரையில் வேலன் ஷட்டருக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான்.

"வேலா, வரிசைப்படி திங்கக்கிழமை யாரு வயல்?"

"கோமதி வயல்தான், அக்கா."

"அப்புறம் ஏன் வெள்ளிக்கிழமை?"

"பொண்டாட்டி வயலுக்கு மொதல்ல விட்டா ஊரு பேசும். அதனால கடைசிக்கு மாத்திட்டேன்."

எனக்கு வந்ததே கோபம். "ஊரு பேசுச்சா? இன்னும் பேசல. பேசறதுக்கு முன்னாடியே அவளைப் பட்டினி போட்டுட்ட. முன்னாடி விட்டா தப்புன்னு தெரியுதுல்ல, பின்னாடி தள்றது மட்டும் எப்படிடா சரியாகும்? உன்னைக் கட்டிக்கிட்ட குத்தத்துக்கா அவளுக்கு இந்த அபராதம்?"

அவன் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தான். பிறகு, "தப்புதான் அக்கா. திங்கக்கிழமையே தொறந்துடறேன்" என்றான்.

"அதை அவகிட்டப் போய்ச் சொல்லு."

"சொல்றேன். நீங்களும் கூட வர்றீங்களா?"

"என்னடா, பயமா?"

"ஆமாக்கா."

திரும்பினால் சரோஜா அம்மா காப்பித் தூக்கோடு கரையில் நின்றுகொண்டிருந்தார். எத்தனை நேரமாக நின்றாரோ. "என் நாத்தனார்கூட இவ்வளவு சத்தம் போட்டதில்ல டீச்சர்" என்றார். டம்ளரில் ஊற்றிக் கொடுக்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. ஆவணி, ஐப்பசி, தை மாதங்களில் தஞ்சாவூர் லாட்ஜ்களில் பத்திரிகைகள் ஒட்டியிருக்கும். ஐப்பசி என்றால் குடை அவசியம். பட்டுப்புடவையை விடப் பருத்தி உத்தமம், பட்டில் சேறு பட்டால் போகாது. கைப்பேசியில் சார்ஜ் இருக்கட்டும். முன்வரிசையில் உட்காரும் பெண்கள் கேள்விக்குத் தயாராக இருங்கள். முடியாது என்றால் பெங்களூர் அம்மா மாதிரி முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள், அதில் தப்பே இல்லை. முடியும் என்றால் விடுமுறை நாட்களைக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய், பேரம் வேண்டாம். புகார் கேட்கப் போன அந்த ஞாயிற்றுக்கிழமையும் காதர் பாய்தான் வந்தார். பருத்திப் புடவையையும் என் முகத்தையும் பார்த்தார்.

"இன்னிக்கு எதுவும் கல்யாணம் இல்லையேம்மா. யாரு வீட்டுக்கு?"

"லஸ்கர் வேலன் வீட்டுக்குங்க. நான் அவனுக்கு அக்கா."