அண்ணன் நிறுத்திவைத்த ஓலை

ஆம்பூரிலிருந்து தந்தி வந்தது. என் அண்ணன் சவரிமுத்து அவர்கள் காலமானார். மற்றவர்கள் அவரைப் புகழ்ந்து எழுதுவார்கள். நான் கூடப் பிறந்தவள், உள்ளதை எழுதுகிறேன்.

அவர் தோல் பதனிடும் ஷாப்பில் தலைமைக் குமாஸ்தா. துரையின் காகிதமொன்றில் ‘அபேயன்ஸ்’ என்ற சொல்லைக் கண்ட நாள்முதல் அதை விடவில்லை. கூரை மாற்றுவது அபேயன்ஸ். அம்மாவை வைத்தியரிடம் காட்டுவதும் அபேயன்ஸ். “இல்லேன்னு சொல்லலம்மா, நிறுத்தி வெச்சிருக்கேன்” என்பார். துணிச்சலில்லாதவருக்கு வசதியான சொல்.

அதன் பிறப்பைக் கான்வென்டில் பிரெஞ்சு மதர் எங்களுக்குச் சொல்லியிருந்தார். பழைய பிரெஞ்சில் அது வாயைப் பிளந்து நிற்பதைக் குறித்தது. உரியவர் யாரென்று தீராத சொத்தை, தமக்கு வராதா என்று வாய்பிளந்து பார்த்திருப்பார்களாம். சட்டக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். அண்ணனிடம் சொன்னேன். “கான்வென்ட்ல இன்னா இன்னாவோ சொல்லித் தர்றாங்க” என்றார்.

எங்கள் தங்கை தெரேசாவுக்கும், அதே ஷாப்பில் சுண்ணாம்புக்குழி மேஸ்திரியான அந்தோணிக்கும் கல்யாணம் நிச்சயமாயிற்று. மூன்று ஞாயிறு கோயிலில் ‘தடை உண்டா’ என்று கல்யாண ஓலை வாசித்தபிறகே தாலி. முதல் ஓலை வாசித்ததும் ஷாப்பில் யாரோ, “குழியில எறங்குறவன் குமாஸ்தா வூட்டு மாப்பிள்ளையா?” என்று சிரித்தார்களாம். அண்ணன் சாமியாரிடம் ஓடினார். “தடை ஒண்ணுமில்ல சாமி, அபேயன்ஸ்ல இருக்கட்டும்.”

அடுத்த ஞாயிறு மற்றவர்களின் ஓலை வாசித்து முடிந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து தெரேசா எழுந்தாள்.

“சாமி, என் ஓலை இன்னா ஆச்சு?”

சாமியார் அண்ணனைப் பார்த்தார். “சவரிமுத்து, தடை இருந்தால் எல்லாரும் கேட்கச் சொல்லும்.”

அண்ணன் எழுந்தார். சுற்றிலும் பார்த்தார். கோயிலில் பாதிப்பேர் குழியில் இறங்குகிறவர்கள். உட்கார்ந்துவிட்டார். சாமியார் ஓலையை வாசித்தார்.

கல்யாணத்துக்கு அண்ணன் வரவில்லை. அதன்பின் இத்தனை ஆண்டுகளில் அடுத்த தெருவிலிருந்த அவள் வாசலை ஒருநாளும் மிதிக்கவில்லை. “வரமாட்டேன்னு சொன்னேனா?” என்பார். கடைசிப் படுக்கையில் அவளே கஞ்சி ஊட்டியபடி, “அண்ணா, எங்க வூட்டுக்கு எப்பத்தான் வர்றீங்க?” என்று கேட்டாளாம்.

“ஆவட்டும், பாக்கலாம்.”

நான் ஊர் போய்ச் சேர்ந்ததும், அந்தோணியும் அவர் மகன்களும் பெட்டியைத் தூக்கினார்கள். கல்லறைக்கு நேர்வழி இருந்தது. தெரேசா முன்னால் போய்த் தன் தெருப்பக்கம் கை காட்டினாள். அவள் வீட்டு வாசலில் பெஞ்சு போட்டு, பெட்டியை இறக்கிவைத்தார்கள். ஜெபம் முடியும்வரை அண்ணன் அங்கேயே இருந்தார்.

நல்லது, அண்ணா. போய் வாருங்கள்.