பதினாறு வழிக்கு ஒரே வரி

இணைய நிறுவனத்தில் அவளுக்குச் சுருக்குப்பை என்று பட்டப்பெயர். நீட்டி முழக்குவது அவளுக்கு ஆகாது. வேலையும் அப்படியே அமைந்தது. ஊரின் பதினாறு பகுதிகளுக்கான வழிகளைத் தனித்தனியே அறிவிக்காமல், "பதினாறும் என்னிடம் உண்டு, வாருங்கள்" என்று, அழைப்புகளை வழிபார்த்து அனுப்பும் பெட்டியான ரவுட்டரை ஒரே வரியில் சொல்லவைப்பாள். கிழக்கு ரவுட்டரும் மேற்கு ரவுட்டரும் அதே வரியைத்தான் சொல்லும். அப்படியானால் இரண்டுக்கும் நடுவே ஒரு கேபிள் வேண்டும், ஒன்றால் முடியாததை மற்றதிடம் தள்ளிவிட. மூன்று முறை கேட்டாள். "பாக்கலாம்மா" என்றார் மேலாளர். பார்க்கமாட்டேன் என்பதற்கு மேலாளர்கள் சொல்லும் வார்த்தை அது. கேபிள் வராமலே அவள் வரியைச் சுருக்கினாள். அது அவள் குற்றம்தான்.

அன்று காலை அக்கா அழைத்தாள்.

"அப்பாவுக்கு நெஞ்சு வலிடீ! ஆம்புலன்ஸுக்கு லைனே போகல. அவங்களுக்கு உங்க கம்பெனி லைன்தானே?"

திரையில் கிழக்கும் பச்சை, மேற்கும் பச்சை.

"எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்குக்கா. உன் போன்லதான் ஏதோ கோளாறு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணு, திரும்பத் திரும்பப் போடு."

பாவம், அக்கா அப்படியே செய்தாள். பக்கத்து வீட்டுப் போனிலும் போட்டாள். மறுபடி அழைத்தபோது அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை. "மூச்சு வாங்குதுடீ அவருக்கு."

அப்போதுதான் இவள் தானே ஆம்புலன்ஸுக்குப் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார்கள். விலாசத்தைச் சொல்லி வைத்ததும் எந்த அழைப்பு எந்த வழி என்று திரையில் தேடினாள். அலுவலக அழைப்பு மேற்கு வழியாகப் போகிறது. அக்கா வீட்டு அழைப்பு கிழக்கு வழியாகப் போகிறது.

கிழக்கு ரவுட்டரிலிருந்து ஆம்புலன்ஸ் நிலையம் இருக்கும் பகுதிக்குப் போகும் கேபிள் அறுந்து கிடந்தது. பதினாறில் ஒன்று போனால் அந்த ஒற்றை வரி வாயை மூடாது, பதினாறும் போனால்தான் மூடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டுப் பச்சை விளக்கு எரிந்தது. வந்த அழைப்பையெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குழியில் தள்ளிக்கொண்டிருந்தது கிழக்கு. கிழக்கு சொன்ன அந்த வரியை அழித்தாள். எல்லா அழைப்புகளும் மேற்குக்குத் திரும்பின. அப்பாவைப் போல இன்னும் எத்தனை பேரோ என்று நினைக்கவே பயமாக இருந்தது.

போன் அடித்தது.

"ஆம்புலன்ஸ் வந்துடுச்சு" என்றாள் அக்கா. "எப்பலேர்ந்து வலின்னு கேட்டாங்க. நாப்பது நிமிஷமாச்சுன்னேன். ஏன் உடனே கூப்பிடலன்னு கேக்கறாங்கடீ."