செட்டு மாத்திரை

எனக்கு முடக்குவாதம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வயிற்றில் ஊசி போட்டுக்கொள்கிறேன். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கொஞ்சம் அடக்கி வைக்கிற ஊசி என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். ஒவ்வொரு முறையும், "வேற மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா?" என்று கேட்பார். இல்லை என்று தலையாட்டுவேன்.

பொய் சொல்வதாக நினைக்கவில்லை. நாரணாபுரத்தில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறேன். சீசன் நேரத்தில் எங்கள் கம்பெனியில் எல்லாரும் உடம்பு வலிக்கு மெடிக்கலில் செட்டு வாங்குவோம். மூன்று நாலு மாத்திரையை உதிரியாகக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். டீ குடிப்பது மாதிரிதான் அது. மருந்தென்று யாரும் நினைப்பதில்லை. ஆவணியிலிருந்து நான் தினம் ஒன்று போட்டேன்.

ஐப்பசியில் இருமல் வந்தது. காய்ச்சல் இல்லையே என்று ஊசியையும் போட்டுக்கொண்டேன். நாலாம் நாள் மூச்சு வாங்கியது. மதுரையில் படம் எடுத்துப் பார்த்து, நெஞ்சில் கிருமி பரவியிருக்கிறது என்று வார்டில் சேர்த்தார்கள். இவ்வளவுக்கும் காய்ச்சல் ஏன் வரவில்லை என்று டாக்டருக்குச் சந்தேகம். அதே கேள்வியை மறுபடி கேட்டார்.

கூட வந்த மதினி, "செட்டு போடுவா சார், தெனமும். இவ வாயத் தொறக்கவும் ஒரு ஊசி எழுதிருங்க" என்றாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. அதில் ஸ்டீராய்டு இருந்தால், ஊசியோடு சேர்ந்து எதிர்ப்புச் சக்தியை இன்னும் அடக்கும், காய்ச்சலையும் மறைக்கும் என்றார். சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்தாம். என்ன மாத்திரை, எவ்வளவு பவர் என்று இன்றைக்கே தெரிய வேண்டும்.

மதினி மெடிக்கலுக்குப் போன் போட்டாள்.

"எந்த டாக்டரு கேக்காரு? என் கடைப் பேரச் சொன்னீகளா?" என்றார் கடைக்காரர்.

"மாத்திரைப் பேரச் சொல்லுங்க அண்ணாச்சி."

"எல்லாத்துக்கும் குடுக்கிறதுதாம்மா."

நான் போனை வாங்கினேன்.

"அண்ணாச்சி, நாந்தான். செட்டுல இருக்குமே, அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை."

"ஒங்களுக்கு மூணு நாளைக்குத்தான குடுத்தேன்?"

"பெறகு கூட வேல பாக்குறவகள விட்டு வாங்கினேன். மூணு மாசமா."

கடைக்காரர் போனைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு மாத்திரை அட்டையை எடுத்துவந்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். வார்டில் கொடுத்த மாத்திரை உறையின் பின்பக்கம் எழுதி டாக்டரிடம் காட்டினேன். ஸ்டீராய்டுதான்.

டாக்டர் அதே மாத்திரையை அளவு போட்டுக் கொடுத்து, வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்தார். நெஞ்சு தெளியும்வரை ஊசி கிடையாது என்றும் சொல்லிவிட்டார். ஊசி இல்லாமல் கார்த்திகை முழுக்க விரல் மடங்கவில்லை. மதினிதான் தலை பின்னிவிட்டாள், தினமும் திட்டிக்கொண்டே.