லைட்டரா, நெருப்புப்பெட்டியா

எங்கள் ஆட்களில்தான் எனக்கு முதல் கோபம். வெள்ளைக்காரரைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். ஒன்பது வருடமாகக் கல்யாண வீடோ செத்த வீடோ, இந்திரகுமாரின் பெயர் வந்தால் எவனாவது சாப்பாட்டுத் தட்டோடு நின்று கேட்பான்: "செய்யாதவன் ஏன் ஒத்துக்கொண்டவன்?" இப்படிக் கேட்டவர்களில் பாதிப் பேர் ஊரில் ஆமிக்காரன் நீட்டிய பேப்பரில் என்ன எழுதியிருக்கென்று தெரியாமலே கையெழுத்து வைத்துவிட்டு வந்தவர்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எனக்கு விளங்கியது அவர்களுக்கு விளங்கவில்லை.

இந்திரகுமாரும் நானும் ஒஸ்லோவின் ரொம்மனில் ஒரே மாடிக் கட்டடம், ஒரே துப்புரவுக் கம்பனி. அதிகம் கதைக்கமாட்டான். பனி கொட்டினால் சவளால் அள்ளித் தன் வாசலோடு மற்ற வாசல்களையும் வழித்துவிடுவான். ஏனென்று கேட்டால், சவள் கையில் இருந்தது என்பான். சிகரெட் குடித்ததே இல்லை.

ஒன்பது வருடத்துக்கு முன், ஒக்டோபரில் ஒரு பின்னேரம், நிலவறையில் தீப்பிடித்தது. அங்கே வீட்டுக்கொரு சாமான் அறை உண்டு. எங்கள் ஆட்கள் அதில் ஃபிரீசர் வைத்து மீன் அடுக்கியிருப்பார்கள். இந்திரகுமார் இறங்கி ஒரு மீன் பார்சல் எடுத்துக்கொண்டு ஏறினான். அரை மணித்தியாலத்தில் புகை. இரண்டாம் மாடி நோர்வேக் கிழவர் மூச்சடைத்து ஆஸ்பத்திரிக்குப் போனார், உயிர் தப்பினார்.

எதிர்க் கட்டடத்து மனிசி ஒருத்தி, நீல ஜாக்கெட் போட்ட கறுப்பு ஆள் ஒருவன் வெளியே வந்ததைக் கண்டதாகப் பொலிசிடம் சொன்னாள். நீலம் எங்கள் கம்பனி ஜாக்கெட். கம்பனி ஆட்களின் படங்களைப் பரப்பிக் காட்டினார்கள். அவள் முதலில் விரல் வைத்தது என் படத்தில். நான் அந்த நேரம் நகரத்துக்குள் வேலையில் நின்றேன். வேலையிடத்துக் கதவில் நான் காட்டிய கார்டின் பதிவு அதைச் சொன்னது. உடனே அவள் விரலை நகர்த்தி இந்திரகுமாரின் படத்தில் வைத்தாள். ஒரு கறுப்பு முகம் இல்லையென்றால் மற்றது. அதைப் பொலிசும் சந்தேகிக்கவில்லை.

இந்திரகுமாரைப் பிடித்துப்போய் இரண்டு நாள் விசாரித்தார்கள். காசில்லாமல் வக்கீல் தருவோம் என்றார்களாம். கேட்டால் அவர்களுக்குக் கோபம் வரும் என்று பயந்து இவன் வேண்டாமென்றுவிட்டான். ஒருவரும் அடிக்கவில்லை. பெயர் சொல்லி, மெதுவாகத்தான் கேட்டார்கள். அதுதான் கூடப் பயம் தந்தது என்று பிறகு என்னிடம் சொன்னான். ஊரில், வவுனியா ஆமி முகாமில் இவனோடு பிடிபட்ட பொடியன் ஒருவன் கையெழுத்து வைக்க மறுத்தவன். இவன் வைத்தான். இவன் வெளியே வந்தான், அந்தப் பொடியன் வரவில்லை. ஒஸ்லோவில் கதிரையில் இருந்ததும் அதே இந்திரகுமார்தான்.

எதனால் கொளுத்தினாய், லைட்டராலா, நெருப்புப்பெட்டியாலா என்று கேட்டார்களாம்.

"லைட்டர் எண்டன் மச்சான். ஒண்டைச் சொன்னா வீட்டை விடுவாங்கள் எண்டு நினைச்சன்."

விடவில்லை. கோர்ட்டில் இல்லையென்று மறுத்தான். செய்யாததை ஒரு மனிதன் இவ்வளவு விபரமாகச் சொல்வானா என்றார் நீதிபதி. சிறையில் இரண்டு வருடம் மறியல் இருந்தான். மனைவி உதயகுமாரி மகளைக் கூட்டிக்கொண்டு ஒஸ்லோவின் மற்றப் பக்கம், ஹவுகெட்டோவுக்கு வீடு மாறினாள். ரொம்மனில் தலை நிமிர்ந்து நடக்க முடியாதாம்.

மகள் கம்சாயினி அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. வளர்ந்து வேலைக்குப் போன பிறகு வழக்குக் கட்டு முழுவதையும் எடுத்து நோர்வே மொழியில் வரி வரியாக வாசித்தாள். ஒருநாள் சாப்பாட்டு மேசையில், நானும் இருக்கும்போது, தகப்பனைக் கேட்டாள்.

"அப்பா, அந்த லைட்டர் எங்கை?"

"என்னட்டை லைட்டரே இல்லைப் பிள்ளை."

"அவையளும் எடுக்கேல்லை. ஒருதரும் தேடவும் இல்லை."

அவள் ஒரு தீயணைப்பு நிபுணரைப் பிடித்துப் பழைய படங்களைக் காட்டினாள். தீ தொடங்கியது நிலத்தில் இல்லை, நிலவறைக் கூரையில் ஓடிய மின்சார வயரில் என்று அவர் எழுதித் தந்தார். பழைய வழக்குகளைத் திரும்பப் பார்க்கும் ஆணைக்குழுவுக்கு அதை அனுப்பினாள். ஆறு மாதம் கழித்துக் கடிதம் வந்தது: நேரில் வந்து உங்கள் வாயால் சொல்லுங்கள், துணைக்கு ஒருவரைக் கூட்டி வரலாம்.

மகளை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டான். காலை பத்து மணிக்கு ஆணைக்குழுக் கந்தோரின் வாசலில் காரை நிறுத்தினேன். அவன் இறங்கவில்லை. சேர்ட்டின் கழுத்துப் பட்டியைச் சுற்றி வியர்த்திருந்தது, வெளியே உறைபனி. பிள்ளையை ஏன் கூட்டி வரவில்லை என்று கேட்டேன்.

"நான் நடுங்கிறதைப் பாத்தா அவள் அழுவாள். நீ அழமாட்டாய். நீ ஒரு மரக்கட்டை."

உள்ளே இவன் வாய் தடுமாறினால், ஒன்பது வருடமும் மகளின் உழைப்பும் போய்விடும். அது எனக்கும் தெரியும். நேரமாகுது, இறங்கு என்றேன். கதவுப் பிடியில் கையை வைத்தபடி என் பக்கம் திரும்பினான்.

"மச்சான், அவங்கள் மரியாதையாக் கேக்கக் கேக்க எனக்கு ஒத்துக்கொள்ளத்தான் வரும். நீ எனக்குப் பக்கத்திலை இரு. நான்தான் செய்தனான் எண்டு தப்பித்தவறி வாய் திறந்தனெண்டால், மேசைக்குக் கீழை என்ரை காலை நல்லா மிதிச்சு உழக்கு."